டிவிடி பிளேயர், ஸ்டீரியோ ரிசீவர், டப்பா டிவி: மூன்றையும் சேர்க்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

பழைய ஸ்டீரியோ ரிசீவரை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) எடைக்குப் போட மனசு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். டப்பா டிவியின் ஸ்பீக்கரில் படம் பார்ப்பதற்கும், அதே படத்தின் சத்தத்தை நல்ல ரிசீவர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒருமுறை கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் பொருத்தி முடித்ததும் படம் வராது, அல்லது சத்தம் வராது, இரண்டும் வந்தால் ஏதோ ஒன்று கோணலாக வரும். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. பின் தவறான ஓட்டையில் இருக்கும், அல்லது மெனுவில் ஒரு அமைப்பு மாறியிருக்கும்.

சரியான இணைப்பு எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேயரின் வீடியோ அவுட்டிலிருந்து மஞ்சள் பின் நேராக டிவிக்கு. பிளேயரின் ஆடியோ அவுட்டிலிருந்து வெள்ளையும் (இடது) சிவப்பும் (வலது) ரிசீவரின் சிடி அல்லது ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் ஜோடிக்கு. டிவியின் வால்யூம் பூஜ்யம். இவ்வளவுதான். ஸ்டீரியோ ரிசீவருக்குப் படம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதன் முதுகில் விசிஆர் (வீடியோ கேசட் பெட்டி) என்றோ டிவி என்றோ எழுதியிருந்தாலும் இரண்டே ஓட்டைகள் இருந்தால் அவை சத்தத்துக்கு மட்டும். மூன்று பின்னும் ஒட்டியபடி வரும் கேபிளில் டிவி ஒரு பக்கமும் ரிசீவர் ஒரு பக்கமும் எட்டவில்லை என்றால், மஞ்சள் வயரை மற்ற இரண்டிலிருந்து கையாலேயே உரித்துப் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே தனித்தனி வயர்தான், கெட்டுப்போகாது.

பின்களைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் எல்லாப் பெட்டியும் ஆஃபில் இருக்கட்டும், ரிசீவர் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி மெனுவையும் மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

டிவியில் படமே இல்லை

டிஸ்க் போடாமலே சோதிக்கலாம். பிளேயரை ஆன் செய்தாலே கம்பெனி லோகோவோ 'நோ டிஸ்க்' என்ற எழுத்தோ திரையில் வர வேண்டும். அது வந்தால் பட வழி சரி, டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

வரவில்லை என்றால், டிவி ஏவி-க்கு (வெளிப்பெட்டியின் படத்தைக் காட்டும் நிலை) மாறியிருக்கிறதா? ரிமோட்டில் டிவி/ஏவி பட்டன் இருக்கும். ரிமோட் எப்போதோ தொலைந்துபோன வீடுகளில், முன்பக்க சேனல் பட்டனை 1-க்குக் கீழே அழுத்திக்கொண்டே போனால் பல செட்களில் 0 அல்லது ஏவி வரும். ஏவி 1, ஏவி 2 என இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள். முன்பக்க ஓட்டை ஒன்று, பின்பக்க ஓட்டை இன்னொன்று.

அடுத்து, டிவியின் முதுகில் இன், அவுட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இருட்டில் கையை விட்டுத் தடவிச் செருகினால் அவுட்டில் போய் உட்கார்ந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். டிவிக்கு ஒரே ஒரு ஏவி இன் இருக்கும், அதில் ஏற்கெனவே கேபிள் செட்டாப் பாக்ஸ் குடியிருக்கும். சிலர் ஒரு ஒய் பின் வாங்கி செட்டாப் பாக்ஸையும் பிளேயரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் படம் மங்கலாகவோ, ஒன்றின் மேல் ஒன்று பேய் மாதிரியோ தெரியும். ஒன்றை ஆஃப் செய்தாலும் அது இன்னொன்றின் சிக்னலை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஒய் பின் ஒரு அவுட்டை இரண்டாகப் பிரிப்பதற்கு, இரண்டு அவுட்டைச் சேர்ப்பதற்கு ஆகாது. பட்டன் அழுத்தி மாற்றும் ஏவி செலக்டர் பெட்டி ஒன்று வாங்கினால் தீர்ந்தது. சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும், மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குக்கு உதிரி விற்கும் கடையில் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவோ, பச்சை ஊதாக் கோடுகளாகவோ, படம் சாய்ந்து கிழிந்த மாதிரியோ இருந்தால் பிளேயர் வேறு வீடியோ முறைக்கு மாறியிருக்கிறது. ரிமோட்டில் பி-ஸ்கேன் அல்லது வி-மோட் என்று ஒரு பட்டன் இருக்கும். குழந்தைகள் கையில் ரிமோட் போனால் முதலில் அழுந்துவது அதுதான். பி-ஸ்கேன் தருவது புரோகிரசிவ், அதாவது எல்லா வரிகளையும் ஒரே தடவையில் அனுப்பும் படம்; அதைச் சாதாரணப் பிக்சர் டியூப் டிவி காட்டாது. அந்தப் பட்டனை ஒருமுறை அழுத்தி நான்கைந்து நொடி பொறுத்து, மறுபடி ஒருமுறை அழுத்தி, இப்படியே போனால் ஒரு கட்டத்தில் மஞ்சள் பின்னில் படம் திரும்பிவிடும். டபடபவென்று அழுத்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பட்டன் இல்லாத பிளேயரைப் பக்கத்து வீட்டு எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ வழியாகச் சேர்த்து, செட்டப் மெனுவில் 'டீஃபால்ட்' கொடுத்து எடுத்து வாருங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலிருந்து கீழே ஓடுகிறது

இரண்டு காரணங்கள். முதலாவது சுலபமானது: மஞ்சள் பின்னை பிளேயரின் பச்சை ஓட்டையில் செருகியிருப்பீர்கள். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் காம்பொனென்ட் வீடியோ. பச்சையில் வருவது வெளிச்சம் மட்டும், நிறம் மற்ற இரண்டில் போகிறது. அந்தக் கூட்டத்தில் இருக்கும் சிவப்பு, ஆடியோ சிவப்பு இல்லை என்பதையும் கவனியுங்கள். பிளேயரின் முதுகில் இரண்டு சிவப்பு ஓட்டை இருந்தால், வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதே ஆடியோ.

இரண்டாவது, பிஏஎல், என்டிஎஸ்சி விவகாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் டப்பா டிவி காலத்து அனலாக் ஒளிபரப்பு பிஏஎல் முறையில் இருந்தது: 625 வரி, நொடிக்கு 50 முறை. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு 60 முறை. வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் போட்ட தமிழ்ப் பட டிவிடிகளில் பல என்டிஎஸ்சி. பிளேயரின் மெனுவில் டிவி சிஸ்டம் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' என்று இருந்தால், டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அனுப்பும். பிஏஎல் மட்டும் தெரிந்த பழைய டிவியில் அந்தப் படம் நிற்காமல் மேலிருந்து கீழே ஓடும். கொஞ்சம் பிந்திய செட் 60-ஐத் தாங்கிக்கொள்ளும், ஆனால் நிறத்தைப் பிரிக்கத் தெரியாமல் கறுப்பு வெள்ளையில் காட்டும். மெனுவில் 'பிஏஎல்' என்று நிலையாக வைத்துவிடுங்கள், மாற்றும் வேலையைப் பிளேயர் பார்த்துக்கொள்ளும். டொராண்டோவில் பழைய டிவி வைத்துக்கொண்டு சென்னையில் வாங்கிய டிஸ்க் போடுகிறவர்களுக்குக் கதை தலைகீழ்: அங்கே 'என்டிஎஸ்சி' வைக்க வேண்டும். அதோடு டிஸ்க்கின் உறையில் ரீஜன் எண்ணையும் பார்க்க வேண்டும். இந்தியா 5, அமெரிக்காவும் கனடாவும் 1. பொருந்தாத எண்ணாக இருந்தால் பிளேயர் டிஸ்க்கையே ஏற்காது.

நடிகர்கள் எல்லாம் ஒல்லியாக உயரமாகத் தெரிகிறார்கள்

மெனுவில் டிவி வடிவம் 16:9 என்று இருக்கிறது. 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும், அது சரிதான். பட்டை பிடிக்காதவர்கள் பான்-ஸ்கேன் வைக்கலாம், ஓரத்தில் நிற்பவர் பாதி வெட்டுப்படுவார்.

திரையின் மூலையில் ஊதா அல்லது பச்சைத் திட்டு

பிளேயர் மேல் பழி போடாதீர்கள். ரிசீவரின் ஸ்பீக்கரை டிவியை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். ஸ்பீக்கரின் காந்தம் பிக்சர் டியூபின் நிறத்தைக் குழப்புகிறது. டிவிக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே காந்தத்தை மறைத்துச் செய்த ஸ்பீக்கர்கள் உண்டு, பழைய ரிசீவரோடு வந்தவை பெரும்பாலும் அப்படி இருக்காது. இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். திட்டு உடனே போகாவிட்டால் டிவியை மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி போடுங்கள். போட்டவுடன் 'டொங்' என்று கேட்கும் சத்தம், டியூபைச் சுற்றியுள்ள சுருள் காந்தத்தை அழிக்கும் சத்தம். ரிமோட்டில் அணைத்தால் இது நடக்காது. சூடு ஆறாமல் திரும்பத் திரும்பப் போட்டாலும் நடக்காது.

படம் சில நொடிக்கு ஒருமுறை இருண்டு வெளுக்கிறது

நடுவில் விசிஆர் இருக்கிறதா? பிளேயரிலிருந்து விசிஆர், அங்கிருந்து டிவி என்று கொடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். நகல் எடுப்பதைத் தடுக்க டிவிடியில் வைத்த மேக்ரோவிஷன் விசிஆரைக் குழப்புகிறது. பின்னை நேராக டிவியில் செருகுங்கள்.

படம் வருகிறது, சத்தம் துளியும் இல்லை

ரிசீவரில் எஃப்எம் போட்டுப் பாருங்கள். ரேடியோ பாடினால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, பாதி வேலை முடிந்தது. ரேடியோவும் பாடாவிட்டால் ஸ்பீக்கர் ஏ, பி பட்டன்கள், ஹெட்ஃபோன் ஓட்டையில் ஏதாவது செருகியிருக்கிறதா, ஸ்பீக்கர் வயரின் ஒரு இழை பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டேப் மானிட்டர். என்னைக் கேட்டால் பழைய ரிசீவரில் சத்தம் இல்லை என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பட்டனைத்தான். அது அழுந்தியிருந்தால், செலக்டர் எங்கே இருந்தாலும் ரிசீவர் டேப் ஓட்டையை மட்டுமே கேட்கும். அங்கே டேப் டெக் இல்லை, எனவே நிசப்தம். பட்டனை வெளியே எடுத்துவிடுங்கள். வேறு இன்புட் மீதமில்லை என்றால், இதையே வசதியாகப் பயன்படுத்தலாம்: பிளேயரை டேப் பிளே (இன்) ஓட்டையில் செருகி, டேப் மானிட்டரை அழுத்தினால் பாடும். டேப் ரெக் என்பது அவுட், அதில் செருகினால் பாடாது.

சில ரிசீவர்களின் முதுகில் ப்ரீ அவுட், மெயின் இன் என்ற நான்கு ஓட்டைகளை இணைத்தபடி யு வடிவில் இரண்டு உலோகத் துண்டுகள் இருக்கும். வீடு மாறும்போது 'இது என்ன கம்பி' என்று யாரோ பிடுங்கி எறிந்திருப்பார்கள். அது இல்லாமல் எந்தச் சத்தமும் வராது. தொலைந்துவிட்டால் இரண்டு குட்டை ஆர்சிஏ வயர் (இதே வெள்ளை, சிவப்பு பின் உள்ள வயர்) போதும்.

பிளேயர் பக்கத்தில் பார்க்க வேண்டியது, கோஆக்சியல் என்று எழுதிய ஒற்றை ஓட்டை. ஆரஞ்சோ கறுப்போ நிறம் இருக்கும். வெள்ளை, சிவப்பு மாதிரியே பின் பொருந்தும், ஆனால் அதில் வருவது டிஜிட்டல். பழைய ரிசீவருக்கு அது புரியாது. ஒன்று நிசப்தம், இல்லையேல் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல்.

எல்லாம் சரி, ஒரு டிஸ்க்கில் மட்டும் சத்தம் இல்லை என்றால் அந்த டிஸ்க் டிடிஎஸ் என்ற ஒலிமுறையில் பதிந்த தடத்தில் ஓடுகிறது. பல பிளேயர்களுக்கு டிடிஎஸ்-ஐப் பிரிக்கத் தெரியாது. ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி டால்பி என்ற இன்னொரு ஒலிமுறையின் தடத்துக்கு மாறுங்கள்.

பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் கேட்கவில்லை

இது பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றி வைத்தால், அடுத்த காட்சியில் ஹீரோ முதல் ஆளைத் தூக்கி எறியும்போது தெருவே எட்டிப் பார்க்கும். காரணம் இதுதான். 5.1 எனப்படும் ஆறு ஸ்பீக்கர் ஒலித்தடத்தில் வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் தனியாக உண்டு. இசையும் வெடிச்சத்தமும் பெரும்பாலும் மற்றவற்றில் போகும். உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். பிளேயரோ வீட்டில் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வசனத்தை நடு ஓட்டைக்கு அனுப்புகிறது. அந்த ஓட்டையில் எதுவும் செருகியிருக்கவில்லை.

பிளேயரின் முதுகைப் பாருங்கள். எஃப்எல், எஃப்ஆர், எஸ்எல், எஸ்ஆர், சி, எஸ்டபிள்யூ என்று ஆறு ஓட்டைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். செட்டப் மெனுவில் ஆடியோ அல்லது ஸ்பீக்கர் பகுதிக்குப் போய் 'டவுன்மிக்ஸ்' என்பதைத் தேடுங்கள். அதில் எல்டி/ஆர்டி, ஸ்டீரியோ, ஆஃப் (அல்லது 5.1) என்று இருக்கும். ஸ்டீரியோ வையுங்கள். நடு ஸ்பீக்கரின் வசனம் இடது, வலது இரண்டிலும் கலந்து வந்துவிடும், திரையின் நடுவிலிருந்து பேசுவது போலவே கேட்கும். எல்டி/ஆர்டி என்பது டால்பி புரோ லாஜிக் உள்ள பெட்டிகளுக்கானது, அதுவும் வேலை செய்யும். சில பிளேயர்களில் இந்த மெனு படம் ஓடும்போது மங்கலாகிக் கிடக்கும். படத்தை ஸ்டாப் செய்து, டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு உள்ளே போங்கள். டவுன்மிக்ஸ் என்ற சொல்லே இல்லாத மெனுவில் சென்டர், ரியர், சப்வூஃபர் மூன்றையும் ஆஃப் செய்தால் அதே பலன். வேறு சிலவற்றில் ஆறு ஓட்டைக்கு அருகிலேயே மிக்ஸ் அல்லது 2 சானல் என்று தனி ஜோடி இருக்கும், பின்னை அங்கே மாற்றினால் போதும்.

இதற்குப் பிறகும் வசனம் தாழ்ந்தே இருந்தால் மெனுவில் டிஆர்சி அல்லது நைட் மோட் இருக்கும். அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை ஏற்றும். இரவில் குழந்தை தூங்கும் வீட்டுக்கு நல்லது. பகலில் நான் அதைப் போட மாட்டேன், படத்தின் உயிரே போய்விடும்.

விசிடி போட்டால் பாடகர் குரல் மட்டும் காணவில்லையா? கரோக்கி விசிடிகளில் ஒரு பக்கம் குரலோடும் மறுபக்கம் இசை மட்டுமாகவும் இருக்கும். ஆடியோ பட்டனால் இடது, வலது மாற்றிப் பாருங்கள்.

சத்தம் கரகரவென்று அடைத்து, பேஸ் மட்டும் முட்டுகிறது

பிளேயரை ஃபோனோ ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள். உடனே பிடுங்குங்கள். ஃபோனோ என்பது இசைத்தட்டு முள்ளுக்கானது. சாதாரண முள் தருவது 5 மில்லிவோல்ட் அளவு, டிவிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. ஏறக்குறைய 400 மடங்கு. போதாக்குறைக்கு, இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பேஸை ஃபோனோ பகுதி ஏற்றிக் கொடுக்கும், டிரெபிளைக் குறைக்கும். ஸ்பீக்கர் பாவம். சிடி, ஆக்ஸ், டியூனர், டேப் இன் எதில் வேண்டுமானாலும் செருகலாம், ஃபோனோவில் மட்டும் வேண்டாம்.

ஆக்ஸில் செருகியும் குமிழைக் கொஞ்சம் திருகியதுமே அலறினால் பயப்பட வேண்டாம். பழைய ரிசீவர்களின் ஆக்ஸ் 150, 200 மில்லிவோல்ட்டுக்கே முழுச் சத்தம் தரும்படி செய்யப்பட்டவை. பிளேயர் ரிமோட்டில் வால்யூம் இருந்தால் அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

ரிசீவரின் முதுகில் வெள்ளையையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை ஸ்பீக்கர் பேச, பேசிய ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு கேபிளில் அல்லது பிளேயரில். ஊமை அதே இடத்தில் நின்றால் ரிசீவரிலோ ஸ்பீக்கரிலோ. அடுத்து ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

ரிசீவர் என்று முடிவானால் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த செட்டில் செலக்டரும் வால்யூமும் உள்ளே கறுத்துப் போயிருக்கும். பவரைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை இருபது முப்பது தடவை திருகுங்கள். பாதி நேரம் இதிலேயே உயிர் வந்துவிடும். வராவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். தூசியை அழைத்து உட்கார வைக்கும்.

இரண்டு பக்கமும் பாடுகிறது, ஆனால் சத்தம் வெறுமையாக இருக்கிறது

ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறியிருக்கிறது. ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். நிறம் அழிந்த ஸ்பீக்கரானால் வயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் நகர்ந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

'ம்ம்ம்' என்ற உறுமல்

பின்னை அசைத்தால் உறுமல் மாறுகிறதா? அப்படியானால் பின்னின் வெளி வளையம் தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே கிரவுண்ட் அறுந்திருக்கிறது. வேறு கேபிள்.

மாறவில்லை என்றால், டிவியின் ஆன்டெனா ஓட்டையிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ கேபிள்காரர் வயரைக் கழற்றுங்கள். உறுமல் சட்டென்று நின்றால் அதுவே காரணம்: தெருவிலிருந்து வரும் அந்த வயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றாக இல்லை, வித்தியாசம் மஞ்சள் பின் வழியாக பிளேயருக்கும் அங்கிருந்து ரிசீவருக்கும் போய் 50 ஹெர்ட்ஸில் உறுமுகிறது. ஆன்டெனா வயரில் போடும் ஐசோலேட்டர் வாங்கிப் போடலாம், இல்லையேல் படம் பார்க்கும்போது அந்த வயரைக் கழற்றி வைக்கலாம். மூன்று பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பவர் கொடுப்பதும் உதவும். எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது ஷாக்கிலிருந்து காப்பாற்றும் பின்.

டிவியில் ஆன்டெனா ஓட்டை மட்டும்தான் இருக்கிறது

ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி வேண்டும். மஞ்சளை அதில் செருகி, அதன் ஆன்டெனா வயரை டிவிக்குக் கொடுத்து, டிவியில் சேனல் தேடினால் ஓரிடத்தில் பிடிக்கும். சத்தம் வழக்கம்போல நேராக ரிசீவருக்கு. படம் கொஞ்சம் மென்மையாக இருக்கும், பரவாயில்லை.

'மாடுலேட்டர் எதற்கு, நான் உள்ளேயே ஏவி பின் வைத்துத் தருகிறேன்' என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துச் செட்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேஸிஸ் (உலோகச் சட்டம்) நேராகக் கரண்ட்டோடு சேர்ந்தே இருக்கும். ஏவி ஓட்டை வைக்காமல் விட்டதற்கே அதுதான் ஒரு காரணம். வெளியே ஒரு உலோகப் பின் எடுத்துவிட்டால் ரிசீவரைத் தொடுகிறவருக்கும் ஷாக் அடிக்கும். நீங்களும் டிவியின் முதுகைத் திறக்க வேண்டாம், கலர் டியூபில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

பிளேயரில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது

2014 முதல் செய்த ப்ளூ-ரே பிளேயர்களில் மஞ்சள் ஓட்டையைத் தேடாதீர்கள். நகல் பாதுகாப்பு விதிப்படி அனலாக் வீடியோவை 2013-உடன் நிறுத்திவிட்டார்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின் என்று வெறும் வயராக விற்பதை வாங்காதீர்கள், டிஜிட்டலை அனலாக்காக மாற்ற வயரால் முடியாது. யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ டு ஏவி கன்வர்ட்டர் பெட்டிதான் வேண்டும். அதன் பக்கவாட்டில் பிஏஎல், என்டிஎஸ்சி என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், பிஏஎல் பக்கம் தள்ளுங்கள். மஞ்சள் டிவிக்கு, வெள்ளையும் சிவப்பும் ரிசீவருக்கு. படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால், பிளேயரின் ஆடியோ மெனுவில் எச்டிஎம்ஐ ஒலி 'பிட்ஸ்ட்ரீம்' (பிரிக்காமல் அப்படியே அனுப்பும் டால்பி, டிடிஎஸ் ஒலி) என்று இருக்கும். அதை 'பிசிஎம்' (பிளேயரே பிரித்துக் கொடுக்கும் ஒலி) என்று மாற்றுங்கள். ஆப்டிகல் வழியாகச் சின்ன டேக் பெட்டி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றுவது) வைத்து ரிசீவருக்குக் கொடுப்பவர்களும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். மலிவான டேக் பெட்டிகள் பலவற்றுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது, பிசிஎம் மட்டுமே தெரியும்.